கற்பிக்கச் சென்றோர் கற்றவை

நுழையும்முன்

பொருள் தேடிக் கடல் கடப்போரை நாம் அறிவோம். மேற்படிப்புக்காகக் கடல் கடப்போரையும் அறிவோம். ஊதியத்தைப் பெரிதாகக் கருதாமல், முன்பின் அறியாத நாட்டின் சிற்றூர்ப் பள்ளியில் கரும்பலகையின் முன் நிற்பதற்காகவே கடல் கடப்போரும் உலகில் உள்ளனர். தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்தைப் பிறருக்குக் கற்பிக்கச் சென்ற அவர்கள், அங்குத் தாமே மாணவராக அமர்ந்து பயின்ற வரலாறு சுவையானது, சிந்திக்கத்தக்கது.

தன்னார்வ ஆசிரியர் யார்?

தமக்கு வாய்த்த அறிவையும் காலத்தையும் பயன் கருதாது பிறருக்கு அளிப்பவர் தன்னார்வலர். இப்பணியைப் பிற நாட்டுப் பள்ளியிலோ கல்லூரியிலோ செய்பவரை அயல்நாட்டுத் தன்னார்வ ஆசிரியர் எனலாம். இவருக்கு ஊதியம் இல்லை. உணவுக்கும் உறைவிடத்துக்கும் போதுமான ஒரு தொகை மட்டும் வழங்கப்படும். அதுவும், அவர் பணியாற்றும் ஊரின் மக்கள் வாழும் நிலைக்கு ஒத்ததாகவே அமையும். உடன் பணியாற்றும் உள்ளூர் ஆசிரியர் நடந்து வரும் தெருவில் இவரும் நடந்து வருவார்; அவர் உண்ணும் உணவையே இவரும் உண்பார். ஊராரோடு ஒப்ப வாழ்வது இப்பணியின் முதன்மையான நெறி.

புகழ்பெற்ற அமைப்புகள் பலவற்றில் பணிக்காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் சில மாதங்கள் பயிற்சி உண்டு. அப்பயிற்சியில் கற்பித்தல் முறைகளோடு அந்நாட்டு மக்களின் மொழியும் பழக்கவழக்கங்களும் இடம்பெறும். பிறருக்கு மொழி கற்பிக்கப் போகும் ஒருவர், முதலில் அவர்களுடைய மொழியைக் கற்கத் தொடங்குகிறார் என்பது இங்குக் கருதத்தக்கது.

தோன்றிய வரலாறு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பல அடிமைத்தளையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டன. விடுதலை பெற்ற நாடுகள் பள்ளிகளைத் திறந்தன, மாணவர் திரண்டனர், ஆனால், கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லை. இத்தேவையை உணர்ந்து இளைஞர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பும் அமைப்பு ஒன்று 1958ஆம் ஆண்டு பிரிட்டனில் தோன்றியது. அலெக் டிக்சன், மோரா டிக்சன் என்னும் கணவன் மனைவியர் அதனைத் தொடங்கினர். பள்ளிக்கல்வியை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரக் காத்திருந்த இளைஞர்களே அதன் முதல் தன்னார்வலர்கள்.

1960ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் கென்னடி மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அதிகாலை இரண்டு மணி. அந்நேரத்திலும் மாணவர்கள் கலையாமல் காத்திருந்தனர். மருத்துவராகப் போகும் உங்களில் எத்தனை பேர் கானா நாட்டில் பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்னும் பொருள்பட அவர் வினவினார். அவ்வினாவை மாணவர்கள் தேர்தல் மேடைப் பேச்சாகக் கருதி மறந்துவிடவில்லை. தாங்கள் ஆயத்தமாக இருப்பதாகக் கையொப்பம் திரட்டத் தொடங்கினர். தேர்தலில் வென்ற கென்னடி, 1961 மார்ச் முதல் நாள் 'பீஸ் கோர்' என்னும் அமைதிப்பணிக் குழுவைத் தோற்றுவித்தார். அன்று முதல் 2,40,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர் இக்குழுவின்வழி 140க்கும் மேற்பட்ட நாடுகளில் பணியாற்றியுள்ளனர். அவர்களுள் பலர் கல்விப் பணியில் ஈடுபட்டோர்.

அக்ராவில் ஒலித்த பாடல்

அக்குழுவின் முதல் அணி சென்ற நாடு கானா. 1957இல் விடுதலை பெற்ற கானா, 1961இல் கல்விச் சட்டம் இயற்றித் தொடக்கக்கல்வியைக் கட்டாயமாக்கியது. பள்ளிகள் பெருகியபோது ஆசிரியர் பற்றாக்குறையும் பெருகியது. அவ்வாண்டு ஆகஸ்டு 30 அன்று, 51 இளம் ஆசிரியர்கள் தலைநகர் அக்ராவின் விமான நிலையத்தில் வந்திறங்கினர். தம்மை வரவேற்க வந்தோர் முன் வரிசையாக நின்ற அவர்கள், கானா மக்கள் தம் தாய்நாட்டைப் போற்றிப் பாடும் பாடலை ட்வி மொழியில் பாடினர். பயிற்சியின்போது கற்றுக்கொண்ட பாடல் அது. ஒலிப்பில் பிழைகள் இருந்திருக்கக்கூடும். ஆயினும், வந்தவர்கள் வாய் திறந்தபோது வெளிப்பட்டது கேட்போரின் மொழி. ஆண்டவர் மொழியாக மட்டும் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியிருந்த ஒரு நாட்டில் அது புதிய தொடக்கமாக அமைந்தது.

தம் மொழியைப் புதிதாய்க் காணுதல்

தாய்மொழியை நாம் இலக்கணம் எண்ணிப் பேசுவதில்லை. காற்றைச் சுவாசிப்பது போல அது இயல்பாக நிகழ்கிறது. அதனைப் பிறருக்குக் கற்பிக்க முற்படும்போதுதான் அதன் அமைப்பு கண்ணுக்குப் புலனாகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன் வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயச் சிறுவனும் அவற்றைப் பிழையின்றிக் கையாள்வான். எவ்விடத்தில் எது வரும், ஏன் வரும் என்று சீன மாணவர் ஒருவர் கேட்டால் பட்டம் பெற்ற ஆங்கிலேயரும் தடுமாறுவார். ஏனெனில், சீன மொழியில் அத்தகைய சொற்களே இல்லை. கேட்கும் மாணவருக்கு அவை முற்றிலும் புதியவை.

இவ்வாறே சீன வினைச்சொற்கள் காலத்திற்கேற்ப வடிவம் மாறுவதில்லை. நேற்று, இன்று, நாளை என்னும் சொற்களும் சூழலும் காலத்தை உணர்த்திவிடும். பேச்சில் அவன், அவள், அது ஆகிய மூன்றையும் 'தா' என்னும் ஒரே ஒலி குறிக்கும். கானாவின் ட்வி மொழியிலும் அவன், அவள் என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே, அம்மொழிகளைப் பேசும் மாணவர் தம் தாயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'அவன்' என்று எழுதிவிடுவதுண்டு. அனுபவமற்ற ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு என்று கருதுவார். மாணவரின் மொழியைக் கற்ற ஆசிரியரோ, அப்பிழை பிறந்த இடத்தை உணர்வார். பிழையைக் கண்டு சினம் கொள்வதற்கும் அதன் காரணம் கண்டு திருத்துவதற்கும் இடையிலுள்ள தொலைவே நல்லாசிரியர் கடக்க வேண்டிய தொலைவாகும்.

ஆற்றங்கரை நகரில் ஓர் ஆசிரியர்

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், சீனாவின் யாங்சி ஆற்றில் சென்ற படகொன்று ஃபூலிங் என்னும் நகரில் இரண்டு அமெரிக்க இளைஞர்களை இறக்கிவிட்டது. அவர்களுள் ஒருவர் 27 வயதான பீட்டர் ஹெஸ்லர். பிரின்ஸ்டன், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பயின்றவர். ஊ என்னும் ஆறு யாங்சியோடு கலக்கும் இடத்தில், மலைச்சரிவில் படிக்கட்டுகளாய் அமைந்த ஊர் ஃபூலிங். அக்காலத்தில் அங்குத் தொடர்வண்டி நிலையம் கிடையாது. பல பத்தாண்டுகளாக அமெரிக்கர் எவரும் அங்கு வாழ்ந்ததில்லை. ஹெஸ்லர் தெருவில் நின்றால் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடும், அவரைக் கண்டு சிலர் உரக்கக் கூவுவர், சிலர் நகைப்பர்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். மாணவர்களுள் பெரும்பாலோர் உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். படிப்பை முடித்ததும் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களாகப் பணியமர்த்தப்பட இருந்தவர்கள். அவர்கள் ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளை வகுப்பறையில் நடித்தனர். செல்வரிடம் கவர்ந்து வறியவர்க்கு வழங்கியதாகக் கூறப்படும் ராபின் ஹுட் தங்கள் நாட்டுக்கு வந்தால் அவரை நல்லவர் என்பதா, தீயவர் என்பதா என்று வாதிட்டனர். நெடுங்காலமாகப் பலர் உரை எழுதிய இலக்கியங்களை, உழவர் வீட்டுப் பிள்ளைகள் தம் வாழ்வின் வழியே படித்துப் புதுப்பொருள் கண்டனர். அதனைக் கண்ட ஆசிரியர், தாம் பல்கலைக்கழகத்தில் இழந்திருந்த வாசிப்பின் சுவையை அவ்வகுப்பறையில் மீண்டும் பெற்றார்.

மாணவர்கள் தமக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். ஹெஸ்லரும் சீனப் பெயர் ஒன்றை ஏற்றுக்கொண்டார்.

'தவறு' என்னும் சொல்

வகுப்பறையில் ஆசிரியராக விளங்கிய ஹெஸ்லர், அவ்வறையை விட்டு வெளியே வந்ததும் எழுத்தறியாதவர் ஆனார். கடைப்பலகையைப் படிக்க இயலவில்லை. பிறர் பேசுவது விளங்கவில்லை. எனவே, அக்கல்லூரி ஆசிரியர் இருவரிடம் சீனமொழி பயிலத் தொடங்கினார். சீனத்தில் ஓர் ஒலியை ஏற்றியும் இறக்கியும் சொல்லும் முறையால் பொருள் வேறுபடும். 'மா' என்னும் ஒலி, அதன் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாயையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். ல, ள, ழ வேறுபாட்டைப் பயில முயலும் வேற்றுமொழியாளரின் இடர்ப்பாட்டை எண்ணினால் இதன் அருமை நமக்கு விளங்கும்.

அவர் பிழையாக ஒலித்தபோதெல்லாம் அவருடைய ஆசிரியர் 'பூதுய்' என்பார். 'சரியன்று' என்பது அதன் பொருள். ஆறுதலாக ஒரு சொல் இல்லை, புன்னகையும் இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் அதே சொல் வந்து விழும். நன்றாகச் செய்தாய், சிறிது திருத்திக்கொள் என்று தட்டிக்கொடுக்கும் அமெரிக்கக் கல்விமுறையில் வளர்ந்தவருக்கு அச்சொல் அம்பாய்த் தைத்தது. ஆயினும், அவர் விடவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றார். மாணவராக இருப்பதன் கூச்சத்தையும் அச்சத்தையும் சிறுமையையும் அவர் அன்றாடம் உணர்ந்தார். காலையில் தம் மாணவர் தயங்கி எழுந்து நிற்கும்போது அவர்தம் உள்ளத்தில் நிகழ்வதை, மாலையில் தாம் பட்ட துன்பத்தால் அறிந்துகொண்டார்.

மாதங்கள் கடந்தன. கோடுகளாய்த் தெரிந்த எழுத்துகள் சொற்களாயின. கல்லூரிக்கு அருகிலிருந்த சிறிய நூடுல்ஸ் உணவகத்தில் அமர்ந்து ஊராரோடு உரையாடும் அளவுக்கு அவர் தேறினார். பாடநூலோடு நின்ற மொழிப்பாடம், வரலாறு பற்றிய வாதமாகவும் நட்பாகவும் வளர்ந்தது. முன்பு வேடிக்கை பார்த்த கூட்டம், இப்போது நலம் விசாரித்தது. இந்த இரண்டாண்டு வாழ்க்கையை அவர் 'ரிவர் டவுன்' என்னும் நூலாக 2001இல் வெளியிட்டார்.

தெரியுமா?

ஃபூலிங் நகரை ஒட்டி யாங்சி ஆற்றுக்குள் 'வெள்ளைக்கொக்குப் பாறை' என்னும் நீண்ட கல்திட்டு உள்ளது. முன்பு குளிர்காலத்தில் ஆற்றுநீர் வற்றும்போது அது வெளிப்பட்டு வந்தது. தாங் அரச மரபுக் காலம் முதல் அதில் மீன் உருவங்களையும் எழுத்துகளையும் பொறித்து நீர்மட்டத்தைக் குறித்து வந்தனர். மூன்று பள்ளத்தாக்கு அணையால் அப்பாறை நிலையாக நீரில் மூழ்கியது. அதனைக் காண்பதற்காக 2009இல் நீருக்கடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அச்சம் அன்பாக மாறுதல்

இப்பணியில் சேர்வோர் அனைவரும் முதல் நாளிலேயே மகிழ்வதில்லை. 1989இல் கனடாவிலிருந்து பூட்டானுக்குச் சென்ற ஜேமி ஸெப்பாவின் அனுபவம் இதற்குச் சான்று. பூட்டான் தன் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்ட நாடு. இந்திய ஆசிரியர் பலரும் அந்நாட்டுப் பள்ளிகளில் உழைத்துள்ளனர். கிழக்குப் பூட்டானில் பெமாகட்ஷெல் என்னும் தொலைதூரச் சிற்றூரில், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஸெப்பா பணிக்கப்பட்டார். மலையும் தனிமையும் அவரை அச்சுறுத்தின. திரும்பிவிடலாமா என்று எண்ணினார். அவரை அங்கே நிறுத்தியவர்கள் அக்குழந்தைகளே. தனித்திருக்கும் ஆசிரியரை நாடி அவர்கள் வீட்டுக்கே வந்தனர். அவ்வூரில் வாழும் முறையை அவருக்குக் கற்றுத்தந்தனர். பின்னர் அவர் அந்நாட்டுக் கல்லூரியிலும் பணியாற்றி, அவ்வாழ்வை நூலாகவும் எழுதினார்.

தன்னார்வ ஆசிரியர் பெறும் மகிழ்ச்சியின் இயல்பு இங்கு விளங்குகிறது. கொடுப்பதனால் வரும் பெருமிதம் விரைவில் தீர்ந்துவிடும். தம்மிடம் ஒன்றுமில்லை என்று உணரும் நேரத்தில் பிறரிடமிருந்து பெறுவதனால் வரும் மகிழ்ச்சி நிலைத்து நிற்கும்.

எழவேண்டிய வினாக்கள்

எந்த நற்பணியும் வினாக்களுக்கு அப்பாற்பட்டதன்று. அமெரிக்க எழுத்தாளர் பால் தெரு 1963இல், தம் 22ஆம் வயதில், இன்று மலாவி எனப்படும் நாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார். அடுத்த ஆண்டு அந்நாடு விடுதலை பெற்றதைக் கண்ணாரக் கண்டார். நாற்பது ஆண்டுகளை நெருங்கும் வேளையில், ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தரைவழியே கடந்து பயணம் செய்தபோது மீண்டும் அங்குச் சென்றார். தாம் பணியாற்றிய பள்ளி பாழ்பட்டுக் கிடந்தது, நூலகம் பொலிவிழந்திருந்தது. அயலார் ஆண்டாண்டாக வந்து உதவியும் இந்நிலை ஏன் என்று அவர் மனம் நொந்தார். ஒரு நாட்டை அந்நாட்டு மக்களே உயர்த்த முடியும் என்னும் முடிவுக்கு வந்தார்.

அவர் எழுப்பிய ஐயம் புறந்தள்ளத்தக்கதன்று. அயலார் வருவார் என்னும் நம்பிக்கையில் உள்ளூர் ஆசிரியரை உருவாக்காமல் விட்டால், வந்தவர் திரும்பும் நாளில் வகுப்பறை வெறுமையாகும். ஆங்கிலத்தின் பெருமையை மட்டும் பேசினால், மாணவர் தம் தாய்மொழியைத் தாழ்வாகக் கருதத் தொடங்குவர். பயிற்சியின்றி ஓரிரு வாரங்கள் மட்டும் வந்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரால் பயன் சிறிது. பழகிய முகங்கள் அடிக்கடி மறைவதால் குழந்தைகளுக்கு ஏற்படும் ஏக்கம் பெரிது. ஒரு மொழியைப் பிறவியிலிருந்து பேசுவது மட்டுமே அதனைக் கற்பிக்கும் தகுதி ஆகிவிடாது.

இக்குறைகளைக் களையும் வழிகளும் அனுபவத்தால் தெளிவாகியுள்ளன. போதிய பயிற்சி பெறுதல், நீண்ட காலம் தங்குதல், ஊராரின் மொழியைக் கற்றல், உள்ளூர் ஆசிரியரோடு இணைந்து பாடம் நடத்துதல், தாம் இல்லாதபோதும் பணி தொடரும்படி செய்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தம்மைத் தேவையற்றவராக்கிக்கொள்ளும் வகையில் பணியாற்றுபவரே சிறந்த தன்னார்வ ஆசிரியர் எனலாம்.

ஆண்டுகள் கடந்தபின்

ஃபூலிங்கில் ஹெஸ்லர் கற்பித்தவர்கள் ஆசிரியர் ஆகப்போகும் மாணவர்கள். இதுவே அவர் பணியின் பயனைப் பெருக்கியது. அவர் விடைபெற்ற பின், அம்மாணவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்றனர். அவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. தம் வகுப்பறை, தம் மாணவர், தம் திருமணம், தம் குழந்தைகள் எனக் காலத்தோடு கடிதங்களின் செய்தி வளர்ந்தது. 2019இல் அவர் மீண்டும் சீனாவுக்குச் சென்று, செங்டு நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியரானார். ஃபூலிங் மாணவர்கள் அப்போது நாற்பது வயதைக் கடந்திருந்தனர். அவர்களுள் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியராகப் பணியாற்றி வந்தனர்.

அவரை அனுப்பிய அமைப்பின் சீனத் திட்டம் 2020இல் முடிவுக்கு வந்தது. நாடுகளுக்கிடையே நிலவும் உறவு அரசியல் காற்றுக்கேற்ப அசையும். மலைச்சிற்றூர் ஒன்றில், அயலவர் ஒருவரிடம் கற்ற ஆசிரியர் இன்னும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரிடம் பயின்ற சிறுவர்க்கு அவ்வயலவரின் பெயர் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

கற்பிப்பவர் கற்பதை நிறுத்தும்போது அவருடைய கல்வி தேங்கிவிடுகிறது. அயல்நாட்டு வகுப்பறையில் நின்ற தன்னார்வலர்கள், அறியாமையை ஒப்புக்கொள்ளும் துணிவையும், பிழை செய்பவரிடம் கொள்ளவேண்டிய பொறுமையையும், பிறர் மொழியின்மீது வைக்கவேண்டிய மதிப்பையும் கற்றுத் திரும்பினர். இவற்றைக் கற்கக் கடல் கடக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரின் கட்டடப் பணியிடங்களிலும் செங்கற்சூளைகளிலும் வேற்றுமொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. அக்குழந்தைகளுள் ஒருவருக்கு மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் எழுதக் கற்பிப்பவர், அக்குழந்தையின் மொழியில் பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டால், அக்ரா விமான நிலையத்தில் பாடியவர்களின் மகிழ்ச்சியைத் தாமும் அடைவார்.

கற்பவை கற்றபின்

1. ஆங்கிலத்தில் நீங்கள் அடிக்கடி செய்யும் பிழைகளுள் ஒன்றைக் குறிப்பிட்டு, அது தமிழின் அமைப்பால் நேர்ந்ததா என ஆராய்ந்து எழுதுக.

2. தமிழ் அறியாத நண்பர் ஒருவருக்கு ல, ள, ழ வேறுபாட்டை எவ்வாறு கற்பிப்பீர்கள்? செய்துகாட்டுக.

3. 'தன்னார்வ ஆசிரியரால் பயன் பெறுபவர் மாணவரா, ஆசிரியரா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. உங்கள் பகுதியில் வாழும் வேற்றுமொழியாளர் ஒருவரிடம் அவர் மொழியின் பத்துச் சொற்களைக் கேட்டறிந்து, பொருளுடன் பட்டியலிடுக.